தார்ப்பாய்க் கடல்

அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு, போகட்டும் விடுங்கள், பெரிய மனசு பண்ணுங்கள் என்று யாரும் எனக்கு போன் செய்ய வேண்டாம். எனக்குப் பெரிய மனசெல்லாம் கிடையாது. நான் எடுத்த படத்துக்குக் கீழே தன் பெயரைப் போட்டு, என் கண் முன்னாலேயே சால்வை வாங்கிக்கொண்ட ஆள் அவர். அந்தப் படம் என்னுடையது என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் அவரை நிற்க வைத்துக்கொண்டே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர ஒரு வருஷம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

நெல்லித்தோப்பில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்னால் ஒரு ஜெராக்ஸ் மிஷின், உள்ளே ஒரு ஸ்டூல், ஸ்டூலுக்குப் பின்னால் நீலத் துணி. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆதார் லேமினேஷன், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் பிரின்ட். அதை விட்டால் கண்ணீர் அஞ்சலி. எங்கள் ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் மறுநாள் காலையில் சுவரில் போஸ்டர் இருந்தாக வேண்டும். வீட்டுக்காரர்கள் அழுது வீங்கிய முகத்தோடு ஒரு கல்யாண குரூப் போட்டோவைக் கொண்டுவந்து நீட்டி, "இதுல மூணாவதா நிக்கறாரே, அவருதாம்மா" என்பார்கள். பக்கத்தில் நிற்பவரின் தோளை வெட்டி, பின்னாலிருக்கிற பந்தலை அழித்து, சட்டையில் கொட்டியிருக்கும் சாம்பாரைத் துடைத்து, கருப்பு வெள்ளையாக்கிக் கொடுப்பேன். "உயிரோட இருக்கறப்பகூட மாமா இவ்ளோ நல்லா இல்ல" என்று ஒரு மருமகள் சொல்லியிருக்கிறாள்.

இருபது வருஷம் இந்த வேலையைச் செய்ததில் ஒரு விஷயம் கைக்கு வந்தது. கலரில் எடுத்த படத்தைக் கருப்பு வெள்ளையாக்கும்போது ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். நீலத்தை மட்டும் பிடித்துக் கீழே இழுத்தால் போதும், ஸ்டூலுக்குப் பின்னாலிருக்கும் துணி கரேலென்று ஆகிவிடும். முகம் மட்டும் இருட்டுக்குள்ளிருந்து எழுந்து வந்து நிற்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, கம்ப்யூட்டரை நோண்டி நோண்டி நானே கண்டுபிடித்தேன்.

பறவைக் கிறுக்கு பிடித்தது நாற்பது வயதுக்குமேல். துபாய்க்குப் போன கல்யாண போட்டோகிராபர் ஒருவர் தன் பழைய கேமராவையும் ஒரு ஜூம் லென்சையும் என்னிடம் விற்றுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊசுட்டேரிக்குப் போவேன். கொக்கு, நாரை, நீர்க்காகம் என்று எது கிடைத்தாலும் எடுப்பேன். வீட்டுக்கு வந்து அத்தனையையும் கருப்பு வெள்ளையாக்குவேன். எனக்கு வேறு மாதிரி பார்க்கத் தெரியவில்லை. வானத்தை இருட்டாக்கி, கொக்கின் இறகு ஒவ்வொன்றையும் தனியாகத் தெரிய வைத்து, ஒன்றிரண்டைக் கடைச் சுவரில் மாட்டினேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த ஓர் அம்மா அதையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தக் கொக்கு எப்ப செத்துச்சு?" என்று கேட்டார். கருப்பு வெள்ளை என்றாலே எங்கள் பக்கத்தில் அதுதான் அர்த்தம். நான் சிரித்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்குது, ஊசுட்டேரியில மேஞ்சிகினு இருக்குது" என்றேன்.

ஊசுட்டேரியில்தான் அந்த ஆள் பழக்கமானார். பெயர் வேண்டாம். நாங்கள் அவரைப் பெரிய லென்சு என்போம். அவருடைய அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். இவரும் பாதி வாழ்க்கையைப் பிரான்சில் கழித்துவிட்டுத் திரும்பி வந்து, கடற்கரையை ஒட்டிய புல்வார் பகுதியில் வீட்டைப் புதுப்பித்துக்கொண்டு இருந்தார். அவர் லென்சு பச்சைக் குழந்தை நீளம் இருக்கும், அதைத் தோளில் சாத்திக்கொண்டு நடப்பார். பறவைப் படம் எடுக்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்தினார். என்னை அதில் சேர்த்ததும் அவர்தான். பார்க்கும்போதெல்லாம் "போன்ழூர், மதாம்!" என்று கையைக் கொடுப்பார். என்னை யாரும் மதாம் என்று கூப்பிட்டது கிடையாது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

இனி படத்துக்கு வருகிறேன்.

என் அக்கா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அவள் இடம் பின்பக்கம், கூரை முடிந்து வெட்டவெளி ஆரம்பிக்கிற ஓரத்தில். தலைக்குமேல் ஒரு நீலத் தார்ப்பாயை நாலு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பாள். ஒரு மூலை கிழிந்துபோனதால் அரிசிச் சாக்கை வெட்டி, வலை பின்னுகிற நைலான் நூலால் அவளே ஒட்டுப் போட்டிருந்தாள். காக்கைகள் மீன் குடலைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தத் தார்ப்பாய்மேல் வைத்துக் கொத்தும். அதைப் பிடுங்க ஒரு கருடன் வரும். செம்பருந்து என்று புத்தகத்தில் போட்டிருக்கும், எங்களுக்குக் கருடன்தான். அது வட்டமடித்தால் மார்க்கெட்டில் பாதிப் பேர் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அது குடலைக் கவ்விக்கொண்டு போவதைப் பார்த்தாலும் போட்டுக்கொள்வார்கள்.

எதிரில் வெங்காய மண்டியின் மொட்டை மாடி. மண்டிக்காரரிடம் கேட்டு ஆறு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்கார்ந்தேன். ஆறாவது வாரம், முதல் நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தார்ப்பாய் தொய்ந்து, சுருக்கம் சுருக்கமாக, ஈரத்தோடு கிடந்தது. சரிந்து விழுந்த காலை வெயில் ஒவ்வொரு சுருக்கத்தின் முதுகிலும் பட்டது. கருடன் இறங்கியது. இரண்டு இறக்கையையும் விரித்து, காலை முன்னால் நீட்டி, கண் நேராகக் கீழே. நான் மேலேயிருந்து பார்க்கிறேன், அதற்கும் கீழே தார்ப்பாய் மட்டும்தான். விரல் தானாக அழுத்திவிட்டது.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் கலரில் சகிக்கவில்லை. பல்லைக் காட்டும் நீலம், குடல், கயிறு, அரிசிச் சாக்கு. வழக்கம்போல நீலத்தைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அப்போதுதான் கண்டேன். சுருக்கங்கள் எல்லாம் அலையாகிவிட்டன. கரிய கடல். அதன்மேல் நெருப்பைப் பிடித்து நிறுத்தின மாதிரி கருடன். அப்புறம் விடுவேனா? நாலு நாள் கடை மூடியதும் உட்கார்ந்து வேலை செய்தேன். குடலை அழித்தேன், கயிற்றை அழித்தேன். அரிசிச் சாக்கின் ஒட்டை மட்டும் விட்டுவைத்தேன், மேகம் கிழிந்து தண்ணீரில் ஒரு துண்டு வெளிச்சம் விழுந்தது போல அது அவ்வளவு பொருத்தமாக இருந்தது. சாக்கின்மேல் அச்சடித்த எழுத்துகளைத் தேய்த்துத் தேய்த்து மறைத்தேன். கடைசியில் எனக்கே அது தார்ப்பாய் என்பது மறந்துபோனது. கடலுக்குமேல் பறக்க வேண்டிய பறவை எங்கள் மார்க்கெட்டில் குடலுக்கு அலைகிறதே என்று இருந்தது எனக்கு. என்னால் முடிந்தது, அதற்கு ஒரு கடலைக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில் வெளியூர்ப் போட்டி ஒன்று வந்தது. பெரிய லென்சு குரூப்பில் செய்தி போட்டார், எல்லாரும் எனக்கே படத்தை அனுப்புங்கள், நான் மொத்தமாகச் சேர்த்து அனுப்புகிறேன் என்று. நான் தலைப்பும் வைக்காமல், எங்கே எடுத்தது என்றும் சொல்லாமல், கருப்பு வெள்ளைப் படத்தை மட்டும் முழு அளவில் அவருக்கு மெயிலில் அனுப்பினேன். ஒழுங்கான போட்டி என்றால் கேமராவில் எடுத்த மூலக் கோப்பைக் கேட்பார்கள். அந்தப் போட்டியில் கேட்கவில்லை. நானும் கவலைப்படவில்லை. மதாம் என்று கூப்பிட்டவர் ஆயிற்றே.

மூன்று மாதம் கழித்து, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் மேசைமேல் வைத்த பேப்பரில் என் கருடனைப் பார்த்தேன். கருப்பு வெள்ளைப் பிரிவில் முதல் பரிசு. கீழே பெரிய லென்சின் பெயர். பக்கத்திலேயே அவர் முகம், சிரிப்பு. புயலுக்கு முன் நடுக்கடலில் எடுத்தது என்று எழுதியிருந்தது. கையிலிருந்த ரேஷன் கார்டை மிஷினில் தலைகீழாக வைத்து ஐந்து காப்பி எடுத்துவிட்டேன். வந்தவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

உடனே போன் செய்தேன்.

"சார், அது என் படம்."

"எதும்மா?" மதாம் போய்விட்டது, கவனித்தேன். "நீ அனுப்புனது வேற. நானும் கருடன எடுத்திருந்தேன். ஒரே மாதிரி ரெண்டு பேரு எடுக்கறது சகஜம்தானே?"

"இறக்க ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம் சார். நாலு நாள் உக்காந்து செஞ்சேன்."

"த பாரும்மா. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கறதும் இதுவும் ஒண்ணு இல்ல. நான் கடலுக்குப் போயி உயிரக் குடுத்து எடுத்திருக்கேன். சும்மா பிரச்சன பண்ணாத."

போனை வைத்த அரை மணி நேரத்தில் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார். அடுத்தவர் படத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிறாள் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். என் கணவர் மூலக் கோப்பைக் காட்டி அன்றைக்கே கேட்கச் சொன்னார். "ஹார்ட் டிஸ்க்ல இருக்குது இல்ல, எடுத்து மூஞ்சில வீசிட்டு வா" என்றார். நியாயம்தான். ஆனால் அதற்குள் எனக்கு ஒன்று உறைத்துவிட்டது. நடுக்கடல் என்கிறாரே? புயல் என்கிறாரே? அந்த ஆளுக்கு அது தார்ப்பாய் என்பதே தெரியவில்லை!

அதை நினைக்க நினைக்க எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. இப்போது போய்ச் சொன்னால் ஏதோ தவறு நடந்துவிட்டது, படம் மாறிப்போச்சு என்று நழுவிவிடுவார். கூடாது. இன்னும் பேசட்டும். எவ்வளவு பேசுகிறாரோ அவ்வளவும் எழுத்தில் வரட்டும். கணவரிடம், "கொஞ்ச நாள் போகட்டும்ங்க, பழுக்கட்டும்" என்றேன்.

பெரிய லென்சும் என்னை ஏமாற்றவில்லை, நன்றாகவே பேசினார். ஒரு பேப்பரில் படகில் ஒரு மணி நேரம் போனதாகச் சொன்னார். அடுத்ததில் மூன்று மணி நேரம் ஆனது. ஒரு பேட்டியில் அலை ஆளுயரம், இன்னொன்றில் இரண்டு ஆள் உயரம். எல்லாவற்றையும் வெட்டி ஒரு ஃபைலில் வைத்தேன். ஒரு காலேஜில் அவர் பேசப்போகிறார் என்று தெரிந்து நானே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கேள்வி நேரத்தில் எழுந்து நின்றேன். என்னைக் கண்டதும் அவர் முகம் ஒரு கணம் வெளிறியது.

"சார், படம் ரொம்ப அருமை" என்றேன். சர்க்கரையாகத்தான் பேசினேன். "எங்கேர்ந்து படகு எடுத்தீங்க? தண்ணியில அந்தத் துண்டு வெளிச்சம் தெரியுதே, அது இன்னா சார்?"

நான் பணிந்து வந்துவிட்டேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. தைரியம் வந்துவிட்டது. "தேங்காய்த்திட்டு துறைமுகத்திலேர்ந்து போனோம். அந்த வெளிச்சம் இருக்குதே, மேகம் ஒரு செகண்டு கிழிஞ்சுது மதாம், சூரியன் தண்ணியில விழுந்துது. அந்த ஒரு செகண்டுக்காகத்தான் நான் அத்தன நேரம் காத்திருந்தேன்" என்று கையை உயர்த்திக் காட்டினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், என் போன் மடியில் பதிவு செய்துகொண்டிருந்தது. மதாம் திரும்பி வந்துவிட்டதையும் கவனித்தேன்.

அடுத்த மாதம் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஹாலில் அவருடைய கண்காட்சி. என் கருடனைத்தான் அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். என் கடையிலிருந்தே மூலக் கோப்பை லேபுக்கு அனுப்பி, கலரில், இரண்டடிக்கு மூன்றடி பிரின்ட் போட்டு வாங்கினேன். குடல், கயிறு, சாக்கு எல்லாம் அப்படியே. அதைச் சுருட்டிப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டேன். பிறகு அக்காவிடம் போனேன்.

"சாயந்தரம் வா. உன் தார்ப்பாய் படத்த ஒரு பெரிய ஹால்ல மாட்டியிருக்காங்க."

"என் தார்ப்பாயயா? உனக்குப் பைத்தியமாடி?"

"வந்து பாரு. பாத்து, தோணுறத சத்தமா சொல்லு. அது போதும்."

மார்க்கெட்டில் முப்பது வருஷம் கூவியவளிடம் சத்தமாகச் சொல் என்று சொல்ல வேண்டியதில்லைதான். குளித்து, பட்டுப்புடவை கட்டி, இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். அப்படியும் கையில் மீன் வாசம் இருந்தது. அது போகாது.

ஹாலில் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். ஏசிக் குளிர், கையில் ஜூஸ், சுவரில் வரிசையாகப் படங்கள். நடுச்சுவரில் என் கருடன் ஆளுயரத்துக்குமேல் நின்றது. அவ்வளவு பெரிதாக அதை நான் பார்த்ததே இல்லை. ஆத்திரத்தையும் மீறி, ஐயோ எவ்வளவு அழகு என்றுதான் முதலில் தோன்றியது. நாங்கள் பார்க்கப் பார்க்கப் போர்த்திய சால்வையோடு பெரிய லென்சு அதற்கு முன்னால் நின்று அலை, படகு, கிழிந்த மேகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். புது ஹோட்டல் கட்டும் ஓர் அம்மா தன் வரவேற்பறைக்கு அந்தப் படத்தை வாங்கப் போவதாகச் சொல்லி, கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனாள். தலையைச் சாய்த்தாள். இன்னும் கிட்டே போனாள். பிறகு ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏன்டி, இது நம்ம தார்ப்பாய்தானே!" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். பெரிய லென்சு சிரிக்க முயன்றார். "அது கடலும்மா" என்றார்.

"இன்னா கடலு? நான் போட்ட ஒட்டு எனக்குத் தெரியாதா?" அக்கா அந்தத் துண்டு வெளிச்சத்தின்மேல் விரலை வைத்தாள். "சாக்க நான்தானே வெட்டுனேன், நான்தானே தெச்சேன். தோ பாரு, நூலு மேல கீழ போகுது. இங்க பாருங்க சார், எழுத்துகூட இருக்குது."

நான்கூட எதிர்பார்க்கவில்லை. என் கணக்கெல்லாம் கலர் பிரின்ட்டை விரிப்பதுதான். நான் தேய்த்து மறைத்த எழுத்துகளில் ஒன்று சரியாக மறையவில்லை. கம்ப்யூட்டர் திரையில் தெரியாதது, பெருமைக்காக அவர் அவ்வளவு பெரிதாகப் போட்ட பிரின்ட்டில் தெரிந்துவிட்டது. கிழிந்த மேகத்திலிருந்து தண்ணீரில் விழுந்த சூரிய வெளிச்சத்தின் நடுவில், மங்கலாக, 25 கிலோ என்று இருந்தது. என் வேலையில் இருந்த குறை அது. அன்றைக்கு அந்தக் குறைக்குக் கோடி நன்றி சொன்னேன்.

ஜூஸ் டம்ளரோடு இரண்டு பேர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். ஒருவர், "அட ஆமா!" என்றார். நான் பேப்பரைப் பிரித்துக் கலர் பிரின்ட்டை விரித்துப் பிடித்தேன். ஒரு பக்கத்தை அக்கா பிடித்துக்கொண்டாள். அதே கருடன், அதே இறக்கை, கீழே பல்லைக் காட்டும் நீலத் தார்ப்பாய், குடல், அரிசிச் சாக்கு.

"சார்" என்றேன், "தேங்காய்த்திட்டுலேர்ந்து படகுல போனீங்களே, எங்க பெரிய மார்க்கெட்டுக்கு எந்த வழியா வந்தீங்க?"

முதலில் யாரோ ஒருவர்தான் சிரித்தார். அப்புறம் ஹாலே சிரித்தது. அந்த ஆளின் முகத்தில் ஈயாடவில்லை. சால்வை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வருஷமாக வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது அன்றைக்குத்தான் அணைந்தது. பாவம் என்று தோன்றியதா என்று கேட்டால், இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க மாட்டாரா என்றுதான் இருந்தது. பின்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார், அதுதான் எனக்குக் குறை.

அன்றைக்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கூட்டம் என்னைச் சூழ்ந்துகொள்ளும், நீங்கள்தானா எடுத்தது என்று கேட்கும் என்று நினைத்திருந்தேன். கேட்டார்கள்தான். கேட்டுவிட்டு மறுபடி படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பையன் 25 கிலோவைக் கிட்டே போய் போனில் எடுத்தான். ஹோட்டல் அம்மாவிடம் நானே போய், "இது என் படம்மா, உங்களுக்கு வேணும்னா நான் பிரின்ட் போட்டுத் தரேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்பப் பணிவாக, "தப்பா நெனச்சிக்காதீங்க. நான் கடல்னு நெனச்சுதான் கேட்டேன்" என்றார். அந்தப் படம் எட்டு மணிக்குள் சுவரிலிருந்து இறங்கிவிட்டது.

போட்டிக்காரர்களுக்குப் பேப்பர் வெட்டு, காலேஜ் பதிவு, மூலக் கோப்பு எல்லாவற்றையும் அனுப்பினேன். பரிசுப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். என் பெயரைப் போடவில்லை. படத்தில் இருந்ததை அழித்திருப்பதால் விதிப்படி தகுதி இல்லை என்று இரண்டு வரி பதில் வந்தது. குரூப்பில் என்னைத் திரும்பச் சேர்த்தார்கள். இப்போது யாராவது படத்தில் கைவைத்திருப்பதாகச் சந்தேகம் வந்தால், இது தார்ப்பாய் கேஸா என்று கேட்கிறார்கள். படம் என்னுடையது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. நான் கேட்டது அதைத்தான், கிடைத்துவிட்டது. அதை இனி யாரும் பார்க்க மாட்டார்கள்.

அன்று ஆட்டோவில் அக்காவும் நானும் திரும்பினோம். பாதி வழி வந்ததும், "எல்லாரும் சிரிச்சாங்களே, அந்த ஆளப் பாத்தா, என் ஒட்டப் பாத்தா?" என்றாள்.

"அந்த ஆளப் பாத்துதான்க்கா."

"அப்ப சரி" என்றாள். அடுத்த வாரம் நான் மார்க்கெட்டுக்குப் போனபோது புதுத் தார்ப்பாய் கட்டியிருந்தாள், பச்சையில்.

மழை முடிந்து ஊசுட்டேரியில் தண்ணீர் நிறைந்திருந்த ஒரு காலையில் அந்த ஆளைப் பார்த்தேன். கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். லென்சு இல்லை, ஒரு பைனாகுலர் மட்டும். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் நாக்கைத் தீட்டி வைத்துக்கொண்டுதான் நடந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி மிச்சம் வைத்திருந்தேன்.

அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணே ஒண்ணு சொல்லணும்" என்றார். "நான் திருடினது நெசந்தான். ஆனா கடலுன்னு நான் பொய் சொல்லல. மெயில்ல வந்த அன்னைக்கு அதத் தொறந்து பாத்தேன், கடலுதான். அதுக்கப்புறம் பாத்த ஒவ்வொரு தடவையும் கடலுதான். நீ ஹால்ல கலர்ல விரிச்சுக் காட்டினியே, ராத்திரி வீட்டுக்குப் போயி திரும்பவும் தொறந்து பாத்தேன். அப்பவும் எனக்குக் கடலாத்தான் தெரிஞ்சுது."

வைத்திருந்த நாலு கேள்வியும் எங்கேயோ போய்விட்டன. "நல்லா வேணும் உங்களுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினேன். வில்லியனூர் ரோட்டில் வரும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, ஹெல்மெட்டுக்குள் துடைக்கவும் முடியவில்லை. அந்தப் படத்தைப் பற்றி யாராவது ஒருவர் அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கியிருந்தேன். ஒருவர் சொன்னார். அது அந்த ஆளாகப் போய்விட்டாரே என்ற ஆத்திரம் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை.